142-ம் 857-ம்

சின்னமனூர்

அன்புள்ள பேராண்டிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதிசய எண் வந்தது. 142857. இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் பெருக்கினால் 428571. ஆறு வரைக்கும் அதே இலக்கங்கள்தான் இடம் மாறி உட்காருகின்றன. ஏழால் பெருக்கினால் 999999. உன் சரக்கும் சேர்த்திருந்தாய்: 142-ம் 857-ம் 999, முல்லைப் பெரியாறு குத்தகையும் 999 வருஷம், அணையில் தேக்குவதும் 142 அடி, ஆகவே இது பெரியாற்று எண் என்று. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இதில் பாதி கணக்கு, பாதி தற்செயல். எது எது என்று பிரிக்கப் பழகாமல் கல்லூரியில் கணக்கு எடுக்காதே.

1-ஐ ஏழால் கையாலேயே வகுத்துப் பார், புள்ளிக்குப் பின் 142857-தான் திரும்பத் திரும்ப வரும். கால்குலேட்டர் விடையைக் காட்டும், மீதியைக் காட்டாது. சங்கதியே மீதியில்தான் இருக்கிறது. 1-ல் தொடங்கினால் மீதி 3, 2, 6, 4, 5 என்று போய் மறுபடி 1-க்கே வரும். ஏழுக்கு வரக்கூடிய ஆறு மீதியும் ஒரே சுற்றில் அடக்கம். 2-ஐ வகுத்தாலும் 5-ஐ வகுத்தாலும் அதே சுற்றில் வேறு இடத்தில் நுழைகிறாய், அவ்வளவுதான். பாதிச் சுற்றில் மீதி 6, ஏழுக்கு ஒன்று குறைவு. அதிலிருந்து பின்பாதி மீதிகள் முன்பாதியோடு ஜோடி சேர்ந்து ஏழாகும்: 1-ம் 6-ம், 3-ம் 4-ம், 2-ம் 5-ம். அதனால் விடையின் இலக்கங்களும் ஜோடி ஜோடியாக ஒன்பதாகும். 999 வந்தே தீரும்.

குத்தகைக் கதை வேறு. 1886 அக்டோபர் 29-ல் எழுதிய ஒப்பந்தத்தில் 999 வருஷம் போட்டது ஆங்கிலேயச் சட்ட வழக்கம். 142 அடி 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. இரண்டுக்கும் ஏழுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இன்னொன்று தரட்டுமா? பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர். அதுவும் ஏழால் மீதியில்லாமல் வகுபடும். ஏழு எண்ணில் ஒன்று அப்படி வகுபடத்தானே செய்யும்!

ஆச்சரியப்படாதே என்று சொல்லவில்லை. நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கப்ரேகர் எண்களை ரசித்தே காலம் கழித்தவர். 142857-ன் வர்க்கம் 20408122449. அதை 20408, 122449 என்று வெட்டிக் கூட்டு, பழைய எண்ணே வரும். இந்த வகை எண்களுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் காட்டிய வேடிக்கைகளை யார் வேண்டுமானாலும் பென்சிலால் சரிபார்க்கலாம். உன் பெரியாற்று எண்ணில் சரிபார்க்க என்ன இருக்கிறது?

அடுத்து 17-ஐ எடு. 0588235294117647 என்று பதினாறு இலக்கச் சுற்று வரும். அதையும் நடுவில் வெட்டிக் கூட்டிப் பார். பிறகு 13. அங்கே ஒரு சுற்றில் எல்லா மீதியும் அடங்காது, இரண்டு சுற்று வேண்டும். ஏன் என்று பொங்கலுக்கு ஊருக்கு வருமுன் எழுதி அனுப்பு. வகுத்த தாளையும் சேர்த்து அனுப்பு.

இப்படிக்கு,
தாத்தா