பிளஸ் ஒன் குரூப்: எந்தக் கதவு திறக்கும், எது மூடும்?



பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் வீட்டில் இனிப்பு வாங்குகிறோம். சவூதியிலும் துபாயிலும் இருக்கும் அத்தாமார்களுக்கு வாட்ஸ்அப்பில் மதிப்பெண்ணை அனுப்புகிறோம். அடுத்த சில நாட்களிலேயே பிள்ளையின் பிளஸ் ஒன் குரூப்பும் முடிவாகிவிடுகிறது. மார்க் அதிகமென்றால் பயோ-மேத்ஸ், கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் குறைந்தால் காமர்ஸ் என்று மார்க்கைப் பார்த்தே பலரும் முடிவு செய்கிறோம். தோழி சேர்ந்த குரூப், பக்கத்துப் பள்ளியில் கிடைத்த குரூப் என்று சேர்பவர்களும் உண்டு.

கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் ஒரு குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். சேர விரும்பும் படிப்பு ஒன்றாக இருக்கிறது, பிளஸ் டூவில் படித்த பாடம் வேறாக இருக்கிறது. பணம் இல்லாத குறையை ஜகாத்தாலும் ஸதகாவாலும் ஓரளவு தீர்த்துவிடலாம். படிக்காமல் விட்ட பாடத்தை எந்த உதவித்தொகையாலும் வாங்கித் தர முடியாது. அதனால்தான் சேர்க்கைக்கு முன்பே இதை எழுதுகிறோம்.

நான்கு பாடங்கள்

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புக்கு 6 பாடங்கள், மொத்தம் 600 மதிப்பெண். அதில் இரண்டு மொழிப்பாடங்கள். மீதி நான்கும் முதன்மைப் பாடங்கள். கல்லூரியில் எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை இந்த நான்குதான் தீர்மானிக்கின்றன. மொழிப்பாடத்தில் தேற வேண்டும், ஆனால் பொறியியல் கட்-ஆஃபில் அந்த மதிப்பெண் சேராது.

இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் சேர்ந்தது பயோ-மேத்ஸ். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வந்தால் அது கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணிதம் இல்லாமல் இயற்பியல், வேதியியலோடு தாவரவியல், விலங்கியல் படிப்பது பியூர் சயின்ஸ். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றோடு வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடுகளோ சேர்ந்தது காமர்ஸ். எல்லாப் பள்ளிகளிலும் எல்லாக் குரூப்பும் இருப்பதில்லை.

எது எங்கே கொண்டு போகும்?

பி.இ., பி.டெக். படிக்க கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்.குக்கு இயற்பியலும் கணிதமும் வேண்டும், கூடவே தனி நுழைவுத்தேர்வும் உண்டு. தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாக விமானப்படை, கடற்படைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் தேவை.

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, யுனானி, ஆயுர்வேதம், ஹோமியோபதி ஆகிய எல்லாவற்றுக்கும் நீட் தேர்வு. அதில் மொத்தம் 720 மதிப்பெண். உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. கணிதம் அதில் கேட்கப்படுவதில்லை. நம் மாநிலக் கலந்தாய்வில் பி.எஸ்.சி. நர்சிங், கால்நடை மருத்துவம் போன்றவற்றுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறார்கள். அங்கும் உயிரியல் வேண்டும். பி.பார்ம். படிக்க இயற்பியல், வேதியியலோடு கணிதம் அல்லது உயிரியல் இருந்தால் போதும்.

காமர்ஸ் என்றாலும் கணக்கிலிருந்து முழு விடுதலை இல்லை. சி.ஏ. படிக்க எந்தக் குரூப்பும் தடையில்லை. ஆனால் அதன் ஃபவுண்டேஷன் தேர்வில் ஒரு தாள் முழுவதும் வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல்தான். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியல் படிக்க பிளஸ் டூவில் கணிதம் கேட்கிறார்கள். ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு மட்டும் எந்தக் குரூப்பும் சரிதான்.

பலரிடம் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறோம். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டுமானால் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி விதி இல்லை. பயோ-மேத்ஸ் படித்தவரும் அந்தப் படிப்பில் சேரலாம். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர் பிறகு மருத்துவம் வேண்டும் என்றால் சிரமம். பிளஸ் டூவுக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 இல் அறிவித்தது. வழி இருக்கிறது என்றாலும், அதற்குத் தனியாகக் காலமும் செலவும் ஆகும்.

கட்-ஆஃப் கணக்கு

அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உள்ளிட்ட பொறியியல் கல்லூரிகளின் அரசுக் கலந்தாய்வுக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். கணித மதிப்பெண் முழுதாகச் சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகச் சேரும்.

ஒரு மாணவி கணிதத்தில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 92 + 40 + 42 = 174. இன்னொருவர் கணிதத்தில் 78, இயற்பியலில் 90, வேதியியலில் 94. அவருக்கு 78 + 45 + 47 = 170. மூன்று பாடத்தையும் கூட்டினால் முதலாமவர் 256, இரண்டாமவர் 262. மொத்தத்தில் 6 மதிப்பெண் கூட இருந்தும் இரண்டாமவர் 4 கட்-ஆஃப் பின்தங்குகிறார். கணிதத்துக்கு அவ்வளவு எடை. இருவருக்கும் ஒரே கட்-ஆஃப் வந்தால் முதலில் பார்ப்பதும் கணித மதிப்பெண்தான்.

ஆகவே "கணக்கில் பாஸ் ஆனால் போதும், மற்றதில் ஈடுகட்டிக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தோடு பொறியியலை நோக்கிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். கணக்கு வராத பிள்ளையை நான்கு பேர் மெச்சுவதற்காக பயோ-மேத்ஸில் போட்டால் குறைந்த மதிப்பெண்ணும் ஒரு கதவை மூடிவிடும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். காமர்ஸில் 360 எடுத்திருக்கக்கூடிய பிள்ளை பயோ-மேத்ஸில் 220 எடுத்தால் அங்கும் பின்னால் நிற்க வேண்டியிருக்கும்.

கணக்கு பயமா, பழக்கக் குறையா?

கணக்கு வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், உடனே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். பத்தாம் வகுப்பில் இயற்கணிதம், முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல் ஆகியவற்றிலிருந்து பத்துக் கணக்குகள் கொடுத்துப் பாருங்கள். பிளஸ் ஒன் கணக்கு இவற்றின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. வழிமுறை தெரிந்து கூட்டல் கழித்தலில் தவறினால் அது பழக்கக் குறை. விடுமுறையில் தினம் ஒரு மணி நேரம் போட்டால் சரியாகும். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்றால், பாடம் நடத்திய ஆசிரியரிடம் மனம்விட்டுக் கேளுங்கள்.

கணிதத்தை விட்டுவிட்டு பியூர் சயின்ஸ் எடுப்பவர்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பிளஸ் ஒன் இயற்பியலில் வெக்டரும் வகையிடலும் வருகின்றன. கணித வகுப்பு இல்லாத பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

இன்னொன்று. 2017-18 இல் வந்த 11 ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் நீட், ஜே.இ.இ. இரண்டிலும் 11, 12 ஆகிய இரு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேள்வி வரும். பிளஸ் ஒன் பாடத்தை அவசரமாக முடித்துவிட்டு பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் பள்ளியா என்பதைச் சேர்க்கும்போதே விசாரியுங்கள்.

வளைகுடாவிலோ இங்கேயோ சி.பி.எஸ்.இ. படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே பத்தாம் வகுப்பிலேயே கணிதம் ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டாகப் பிரிகிறது. மேல்வகுப்பில் கணிதம் தொடர நினைப்பவர்களுக்கு உரியது ஸ்டாண்டர்ட். 11 ஆம் வகுப்பில் வரும் அப்ளைடு மேத்ஸ், பொறியியலை நோக்கிப் போகாதவர்களுக்காக வகுக்கப்பட்டது. பெயரில் மேத்ஸ் இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்

பெண் பிள்ளைக்குப் பல சமயம் குரூப்பை முடிவு செய்வது பள்ளியின் தூரம்தான். பக்கத்தில் இருக்கும் பெண்கள் பள்ளியில் அறிவியல் குரூப்பில் இடம் இல்லை, அடுத்த ஊருக்கு அனுப்பத் தயக்கம், ஆகவே இருப்பதில் சேர்த்துவிடுவோம் என்கிறோம். பெற்றோரின் கவலை நியாயமானது. அதற்காகப் பிள்ளையின் பாடத்தை மாற்றுவதற்கு முன், அதே பக்கத்திலிருந்து இன்னும் எத்தனை பிள்ளைகள் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு வீட்டார் சேர்ந்தால் ஒரு வேன் பேசலாம். ஜமாஅத்தில் சொன்னால் ஏற்பாடு செய்ய ஆள் கிடைப்பார்கள்.

அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றுபவர்களும் ஒரு கணக்குப் போட வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்பதைப் பார்க்கிறது. கடைசி இரண்டு வருடத்துக்குப் பள்ளி மாறினால் இவை கைவிட்டுப் போகலாம்.

தவறிவிட்டால்?

வேறு வழிகளும் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கணிதம் படித்த பி.எஸ்.சி. பட்டதாரிகளுக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது.

டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலில் பி.எஸ்.சி. முடித்த பிறகுதான் தம் நாட்டம் பொறியியலில் என்று உணர்ந்தார்கள். சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலில் சேர்ந்தார்கள். சேர்க்கைப் பணத்துக்காக அவர்களின் சகோதரி ஸோஹரா தம் நகைகளை அடகு வைத்தார்கள். இந்த வரலாற்றில் சகோதரியின் தியாகத்தை நாம் எப்போதும் பேசுகிறோம். பொறியியலுக்கு வேண்டிய பாட அடிப்படை கலாம் அவர்களிடம் இருந்ததால்தான் அந்த நகைக்கும் பயன் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சான்றிதழை மறவாதீர்

மாநில ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. பிள்ளையின் சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று சரியாக இருக்கிறதா, பெயரும் இன்ஷியலும் மதிப்பெண் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். வீட்டில் முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள்.

வீட்டில் மஷூரா செய்ய ஐந்து கேள்விகள்

1. பிள்ளை மனதில் இருக்கும் இரண்டு மூன்று படிப்புகள் எவை? அவை ஒவ்வொன்றும் எந்தப் பாடங்களைக் கேட்கின்றன?
2. இந்தக் குரூப் எடுத்தால் எந்தப் படிப்பு மூடிப்போகிறது? அதைப் பிள்ளை அறிந்துதான் சம்மதிக்கிறதா?
3. நான்கு பாடத்திலும் நல்ல மதிப்பெண் எடுக்க இந்தப் பிள்ளையால் முடியுமா? ஆசிரியர் என்ன சொல்கிறார்?
4. அந்தப் பள்ளியில் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா?
5. நினைத்த இடம் கிடைக்காவிட்டால் இதே பாடங்களை வைத்து அடுத்து என்ன படிக்கலாம்?

வெளிநாட்டில் இருக்கும் அத்தாவும் போனில் இருக்கட்டும், ஆனால் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். இரண்டு வருடம் அந்தப் புத்தகங்களோடு இருக்கப் போவது பிள்ளைதான். பேசியும் தெளிவு வராவிட்டால், மதிப்பெண் பட்டியலோடு பிள்ளையை நம் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். கூடவே உட்கார்ந்து பார்க்கிறோம், இன்ஷா அல்லாஹ். சேர்ந்த பிறகு பொருந்தவில்லை என்று தெரிந்தாலும் முதல் சில வாரங்களுக்குள்ளேயே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பாடம் அதிகம் நகர்வதற்கு முன் மாறுவதே எளிது.

நம் பிள்ளைகள் அனைவரின் கல்வியையும் அல்லாஹ் பயனுள்ளதாக ஆக்குவானாக. வஸ்ஸலாம்.