ஜாலான் ரஹ்மாட் மேல்மாடி ஜன்னல்களைக் கழற்றும் முன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு அனுப்பிய படங்களும் கிடைத்தன. பத்து பாகாட்டில் மாமனார் விட்டுப்போன ஜாலான் ரஹ்மாட் கடைவீட்டின் மேல்மாடி இரும்பு ஜன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினியம் போடச் சொல்கிறார் கன்ட்ராக்டர். பாரிட் ராஜா பக்கம் தாமானில் நீங்கள் எழுப்பும் புது வீட்டுக்கோ, கறுப்பு இரும்புச் சட்டம்தான் வேண்டும் என்று மகள் போனில் படம் படமாகக் காட்டுகிறாள். ஒரே குடும்பம் ஒரு கையால் இரும்பைத் தூக்கி எறியப் பார்க்கிறது, மறு கையால் அதையே விலை கொடுத்து வாங்கப் பார்க்கிறது. படித்துவிட்டுச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டில் இருப்பதைக் கழற்ற வேண்டாம். புது வீட்டில், ஒன்றிரண்டு இடம் தவிர, இரும்பு வேண்டாம். மகளிடமும் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். சண்டை என் பக்கம் திரும்பட்டும்.

படத்தில் தெரிவது இரும்புதான். சந்தேகம் இருந்தால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். சட்டத்தின் முகம் ஓர் அங்குலத்தை ஒட்டி இருக்கும். இந்த மெல்லிசுதான் இந்த ஜன்னலின் உயிர். அதே இடத்தில் அலுமினிய ஜன்னல் வைத்தால் நிலைச்சட்டமும் கதவுச் சட்டமும் சேர்ந்து மூன்று அங்குலத்தைத் தாண்டிவிடும். ஆறு கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு பெரிய கண்ணாடி வரும். தெருவில் நின்று பார்த்தால் முகப்பின் கோடுகளே மாறிப்போயிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஜன்னல் கதவை முழுக்கத் திறந்தால், கீல் பக்கம் கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விழுகிறதா? கீல் சட்டத்தோடு ஒட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல்மாடியில் உள்ளே நின்றபடியே அந்த இடைவெளியில் கையை விட்டுக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைப்பதற்கென்றே அப்படிச் செய்தார்கள். கைப்பிடியில் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் பித்தளை மின்னினாலும் ஆச்சரியமில்லை. கதவைத் திறந்தபடி நிறுத்தும், துளை துளையாக உள்ள தாங்குகம்பியையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இவற்றுக்கு இன்று அதே அளவில் மாற்று தேடினால் கால் தேய்ந்துவிடும்.

இந்த வகை ஜன்னலின் பிறந்த வீடு இங்கிலாந்து. எசெக்ஸில் பிரெயின்ட்ரீ என்ற ஊரில் குடும்பத்தின் இரும்புக்கடையை நடத்திவந்த பிரான்சிஸ் ஹென்றி கிரிட்டால் 1884-இல் உலோக ஜன்னல் செய்யத் தொடங்கினார். உருக்கு ஆலைகள் மலிவாக உருட்டித் தந்த சட்டங்கள் அவருக்குத் தோதாக அமைந்தன. 1926-இல் கிரிட்டால் நிறுவனத்தார் தங்கள் தொழிலாளர்களுக்கென்று சில்வர் எண்ட் என்ற கிராமத்தையே கட்டத் தொடங்கினார்கள், வீட்டுக்கு வீடு தங்கள் ஜன்னலை வைத்து. ஜெர்மனியின் டெஸ்ஸாவில் வால்டர் குரோப்பியஸ் கட்டிய பௌஹவுஸ் பள்ளி, இரும்புச் சட்டமும் கண்ணாடியுமான பெரிய சுவரோடு திறக்கப்பட்டதும் அதே 1926-தான். உங்கள் மகள் காட்டும் படங்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அந்தக் கட்டடம் என்று சொல்லிவையுங்கள்.

நம் பக்கத்தில் இதைப் பார்க்க நல்ல இடம் சிங்கப்பூர் தியோங் பாரு. சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 1936 முதல் 1941 வரை அங்கே எழுப்பிய அடுக்குமாடிகளில் வளைந்த மூலைகளை ஒட்டி இந்த இரும்பு ஜன்னல்கள் வரிசையாக ஓடின. 2003-இல் போருக்கு முந்திய இருபது புளோக்குகளைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவித்தார்கள். அதற்குள் பல வீடுகளில் அலுமினியம் ஏறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், பழைய சட்டம் மிஞ்சிய ஒரு வீட்டையும் மாற்றிய வீட்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். என் வாதத்தில் பாதியை அந்தச் சுவரே சொல்லிவிடும்.

மலாயாவில் இது பரவியதற்கு அழகு மட்டும் காரணமில்லை. மரத்தைக் கரையான் தின்னும். மழைக்காலத்தில் பலகை ஊதிப்போய்க் கதவு சாத்தாது. இரும்புக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை, நெருப்புக்கும் சட்டென்று இடம் கொடுக்காது. பிறகு அலுமினியம் மலிந்தது, கண்ணாடித் தகடுகள் அடுக்கிய நாக்கோ ஜன்னல் வந்தது, இரும்பு பின்னுக்குப் போனது.

உங்கள் வீட்டில் மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டிருந்தீர்கள். என் ஊகம் இது: 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டிய கடைவீடுகள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருந்தன. வாடகையை ஏற்ற முடியாத வீட்டுக்கு எந்த முதலாளியும் காசு இறக்க மாட்டார். கூரை ஒழுகினால் ஒட்டுப்போடுவார், ஜன்னலை மாற்ற மாட்டார். 1999 கடைசியோடு அந்தக் கட்டுப்பாடு விலகியபோதுதான் பல ஊர்களில் உடைப்பும் மாற்றமும் வேகம் பிடித்தன. மாமனாரும் கை வைக்கவில்லை என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

இனி துருவுக்கு வருவோம். கன்ட்ராக்டர் பயமுறுத்துவது இதை வைத்துத்தானே?

போருக்கு முந்திய சட்டங்களுக்குப் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு கிடையாது. ஈயச் செம்பூச்சு அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடித்து மாட்டினார்கள். அப்படியிருந்தும் இத்தனை வருடம் நிற்கிறதென்றால், உள்ளே இருப்பது உருட்டித் திரட்டிய கெட்டி உருக்கு. துரு பெரும்பாலும் அடிச்சட்டத்தில்தான் முதலில் பிடிக்கும், மழைநீர் வழிந்து வந்து தங்குவது அங்கேதான். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருமனாகும். நிலைக்கும் கதவுக்கும் நடுவே அது வீங்கிக் கதவைச் சாத்தவிடாது. கண்ணாடியைப் பிடித்த பள்ளத்தில் வீங்கினால் கண்ணாடியை நெரிக்கும். உங்கள் படத்தில் இடது மூலைக் கண்ணாடியில் கோணலாக ஒரு விரிசல் இருக்கிறதே, அது யாரும் கல்லெறிந்து வந்ததில்லை. துரு செய்த வேலை.

ஸ்குரூடிரைவர் பிடியால் அடிச்சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று சத்தம் வரும் இடம் நல்ல இடம். சத்தம் செத்து விழும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். மேலே பொருக்காகத் தெரிந்தாலும் அந்தச் செதில்களை உதிர்த்துப் பார்த்தால் அடியில் முக்கால்வாசிக் கனம் அப்படியே இருப்பதுண்டு. உண்மையிலேயே அரித்துப்போன துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதே கனத்தில் பட்டை இரும்பு வைத்து வெல்டு செய்து, அரைத்துச் சமப்படுத்திவிடலாம். அலுமினியச் சட்டத்தை இப்படிக் கண்ட வெல்டிங் கடையிலும் கொடுத்து ஒட்ட முடியாது.

நிலைச்சட்டத்தைச் சுவரிலிருந்து பிடுங்க யாரையும் விடாதீர்கள். அதைப் பிடித்திருக்கும் இரும்புக் காதுகள் சுவருக்குள் பதிந்திருக்கின்றன. பிடுங்கினால் சுண்ணாம்புப் பூச்சும் ஜன்னல் அடித்திட்டும் சேர்ந்து வரும். அலுமினியம் மலிவு என்று சொல்கிறவர்கள் இந்தக் கொத்து வேலையைக் கணக்கில் காட்டுவதில்லை. கதவுகளை மட்டும் கழற்றிக் கீழே கொண்டுபோனால் போதும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடியே உப்புத்தாள் போடக் கூடாது, நெருப்பு காட்டியும் உரிக்கக் கூடாது. நனைத்து, முகமூடி போட்டு, சுரண்டிய தூளைத் தாள் விரித்துப் பிடித்து எடுக்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை பேரப்பிள்ளைகள் மேல்மாடிப் பக்கம் வரவேண்டாம்.

சுத்தம் செய்த இரும்பை ஓர் இரவு சும்மா விட்டால் நம் ஊர்க் காற்றில் காலைக்குள் செம்மை படர்ந்துவிடும். கடல் எவ்வளவு தூரம்? மின்யாக் பெக்கு கடற்கரையில் அடிக்கும் காற்று ஜாலான் ரஹ்மாட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் காலையில் சுரண்டிய கதவுக்கு மாலைக்குள் துத்தநாகம் நிறைந்த பிரைமர் ஏறிவிட வேண்டும். வேலையைக் கதவு கதவாகப் பிரித்துக்கொண்டால் இது நடக்கும்.

கண்ணாடிக்கு வைக்கும் புட்டியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மரத்துக்கான புட்டி, அதிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சுவதால் இறுகுகிறது. இரும்பு உறிஞ்சாது, அதனால் உலோகச் சட்டத்துக்கென்று தனியாக விற்கும் புட்டியைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றிரண்டு வாரம் இறுகவிட்டுப் பெயிண்ட் அடிக்கும்போது, பெயிண்ட் புட்டியைத் தாண்டிக் கண்ணாடியில் இரண்டு மில்லிமீட்டர் ஏறி நிற்க வேண்டும். புட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மழை இறங்காமல் காப்பது அந்த மெல்லிய கோடுதான். பெயிண்டர் பிளேடால் அதைச் சீவி அழகாக்கினால் தடுங்கள். சிலிகான் அடிக்கிறேன் என்று யாராவது வந்தால் டியூபைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசம் அடித்தால் அது இரும்பை அரிக்கும் ரகம். வாசமில்லாத நியூட்ரல் சிலிகான் என்று கேட்க வேண்டும்.

கண்ணாடியில் பேராசை வேண்டாம். அந்தக் காலச் சட்டம் மூன்று நான்கு மில்லிமீட்டர் கண்ணாடிக்காகச் செய்தது. கனத்த கண்ணாடியைத் திணித்தால் கீல் தொய்ந்து, கதவு அடிச்சட்டத்தில் உரசும். உரசின இடத்தில் பெயிண்ட் போகும், மறுபடி துரு.

புது வீட்டுக் கதை வேறு. ஐரோப்பாவில் இந்த ஜன்னலைக் கொண்டாடியது வெயிலை உள்ளே அழைப்பதற்கு. பத்து பாகாட் பூமத்திய ரேகைக்கு வடக்கே இரண்டு டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. நம் பாடு வெயிலை வெளியே நிறுத்துவது. மேற்குப் பார்த்த ஹாலில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியும் கறுப்பு இரும்பும் வைத்துவிட்டு, பிறகு திரை போட்டு மூடி, ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகளைத் தாமானுக்குத் தாமான் பார்க்கிறேன்.

அந்த ஏர்கோனிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வெளிக்காற்று 24 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்த்துவிடும், ஈரம் அவ்வளவு. உள்ளே 20 டிகிரிக்கு ஏர்கோன் ஓடினால் இரும்புச் சட்டம் அந்தக் குளிரைச் சுலபமாக வெளிமுகத்துக்குக் கடத்தும். இரவெல்லாம் சட்டத்தின் வெளிப்புறம் நீர் கோத்து நிற்கும். காற்றில் வரும் உப்பும் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே வெப்பத்தடை வைத்த இரும்புச் சட்டங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. விலை அலுமினியத்தைப் போல் பல மடங்கு.

நம் பக்கத்துப் பட்டறைகளில் 'ஸ்டீல் ஜன்னல்' என்று செய்து தருவது பெரும்பாலும் கிரில் செய்யும் அதே ஹாலோ பைப். கெட்டிச் சட்டம் இல்லை. வெளியே எத்தனை கோட்டிங் அடித்தாலும் குழாயின் உள்பக்கத்துக்குப் பூச்சு போகாது. நீராவி உள்ளே இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்தே தின்னும். பிடிவாதமாக இரும்புதான் வேண்டுமென்றால் பட்டறையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதலில் வெல்டிங்கா, முதலில் கெல்வனைஸா?" வெட்டு, துளை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே முழுச் சட்டத்தையும் 450 டிகிரி அளவில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்க வேண்டும். பவுடர் கோட்டிங் அதற்கும் பிறகு. கெல்வனைஸ் ஆன பைப்பை வாங்கி வெட்டி வெல்டு செய்கிறேன் என்றால், ஒவ்வொரு மூட்டிலும் துத்தநாகம் எரிந்து போயிருக்கும், மூலைக்கு மூலை துரு ஆரம்பிக்கும். குழாய் என்றால் தொட்டியில் வெடிக்காமலிருக்கத் துளைகளும் விட வேண்டும். இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் பட்டறையை நம்பலாம்.

மகள் மனம் கோணாமலிருக்க ஓர் ஏற்பாடு சொல்கிறேன். வெளிச் சமையலறைப் புகை உள்ளே வராமல் சாப்பாட்டு அறைக்கும் அதற்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு போடுவீர்கள் அல்லவா? அதை இரும்பில் செய்யுங்கள். மழை படாது, வெயில் படாது, மெல்லிய கறுப்புக் கோடுகள் படத்தில் உள்ளபடியே வரும். மாடிப்படி ஓரத்துத் திறக்காத உயர ஜன்னலும், மேலே ஆழமான இறவாரம் இருந்தால், இரும்பில் இருக்கலாம். அங்கே பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மற்ற இடங்களுக்கு நல்ல கனமுள்ள அலுமினியம் போதும். அடுப்படிக்கு என்னைக் கேட்டால் பழைய நாக்கோதான், மழை பெய்யும்போதும் காற்று விடும் ஜன்னல் வேறெது? திருடன் தகட்டை உருவுவான் என்பீர்கள், அதற்கு கிரில் இருக்கிறது.

கீழ்த்தளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007 தொடக்கத்திலும் 2023 மார்ச்சிலும் நம் மாவட்டத்தில் தண்ணீர் எங்கே, எத்தனை நாள் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். புது வீட்டு மனை அப்படிப்பட்ட தாழ்வில் இருந்தால் கீழ்த்தள ஜன்னல்களில் இரும்பைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

கடைவீட்டு முகப்பில் எதையும் மாற்றும் முன் நகராண்மைக் கழகக் கட்டடப் பிரிவில் கேட்டுவிடுங்கள். பழுதுபார்ப்பதானாலும் அஞ்சடி நடைபாதைக்கு மேலே சாரம் கட்ட அனுமதி தேவைப்படலாம். கொசுவலையை உள்பக்கமாகத் தனிச் சட்டத்தில், கீல் வைத்து மாட்டச் சொல்லுங்கள். ஜன்னல் வெளியே திறப்பதால் கைப்பிடியைத் தொட வலை வழிவிட வேண்டும். அந்தச் சட்டத்தைப் பழைய இரும்பில் துளையிட்டு முடுக்காமல் பக்கத்து மரத்திலோ சுவரிலோ பொருத்தட்டும்.

அடிச்சட்டங்களைத் தட்டிப் பார்த்து, குறி போட்ட இடங்களை அளவுநாடா வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். எத்தனை கதவுக்கு வெல்டிங் தேவை, எத்தனைக்கு வெறும் பெயிண்ட் போதும் என்று பிரித்து எழுதுகிறேன். கன்ட்ராக்டருக்கு அதற்குள் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்