குறட்டையும் தொண்டைத் தசைகளும்



சிவராத்திரி இரவில் மூன்றாம் சாமம் ஆகும்போது, மண்டபச் சுவரோரம் யாராவது ஒருவர் குறட்டை விடத் தொடங்குவார். பிள்ளைகள் "கும்பகர்ணன்" என்று சிரிப்பார்கள். நாமும் சேர்ந்து சிரிப்போம். குறட்டை விடுபவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்பது நம் எண்ணம். பல வேளைகளில் உண்மை அதற்கு நேர்மாறானது.

மூக்கை எலும்பும் குருத்தெலும்பும் தாங்குகின்றன. மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. இவை இரண்டுக்கும் இடையிலுள்ள தொண்டைக்கு மட்டும் அப்படி உறுதியான தாங்கல் இல்லை. உணவை விழுங்கும்போது அது சுருங்கி மூட வேண்டும். மூச்சு விடும்போது திறந்திருக்க வேண்டும். ஆகவே அந்த வழியைத் திறந்து வைக்கும் வேலை தசைகளுக்கே உரியது.

அவற்றுள் முதன்மையானது நாக்கின் பெருந்தசை. தாடையெலும்பின் உட்புறத்தில் தொடங்கி, விசிறிபோல நாக்கினுள் விரிந்து, நாக்கை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கிறது. தூங்கும்போது இத்தசை தளர்கிறது. கனவு காணும் உறக்கத்தில் இன்னும் தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னோக்கிச் சரிகிறது. ஒடுங்கிய வழியில் காற்று செல்லும்போது மென் அண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. அந்த ஒலியே குறட்டை.

வழி முற்றாக அடைபட்டால் குறட்டை நின்றுவிடும். நாம் பயப்பட வேண்டியது இந்த மௌனத்துக்குத்தான். நெஞ்சு மூச்சுக்காகப் போராடும். காற்று உள்ளே போகாது. 10 விநாடிக்கு மேல் இப்படி நின்றால் அதை வைத்தியர்கள் 'ஸ்லீப் அப்னியா' என்பர். இரத்தத்தில் பிராணவாயு குறைய, மூளை திடுக்கிட்டுத் தசைகளை இறுக்கும். பெரிய செருமலுடன் மூச்சு திரும்பும். நோய் கடுமையானவர்களுக்கு இது மணிக்கு 30 தடவைக்கு மேலும் நிகழும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கே தெரியும்.

காலைத் தலைவலி, பகல் தூக்கம், உயர் இரத்த அழுத்தம் ஆகியன இதனுடன் சேர்ந்து வரலாம். வாகனம் ஓட்டுகையில் கண் செருகினால் ஒரு குடும்பமே ஆபத்தில் விழும். உடல் பருமன் ஒரு காரணம். ஆனால் மெலிந்தவர்களுக்கும் சிறிய தாடை காரணமாக இது வரும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் டொன்சில் வீக்கமே காரணம்.

1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியரும் உடன் பணியாற்றியோரும் ஒரு வழியை வெளியிட்டனர். மூக்கில் பொருத்தும் முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினால், தளர்ந்த தொண்டை மூடாமல் நிற்கும். இன்றும் முதன்மையான சிகிச்சை இதுவே. கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பற்கவசமும் சிலருக்கு உதவும்.

நாம் வீட்டில் செய்யக்கூடியவை சில:

1. ஒருக்களித்துப் படுத்தல்.
2. உடல் எடையைக் குறைத்தல்.
3. இரவில் மதுவைத் தவிர்த்தல். அது தசைகளை மேலும் தளர்த்தும்.
4. தூக்க மாத்திரையை வைத்தியரைக் கேளாமல் எடுக்காதிருத்தல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றிரவு உங்கள் வீட்டில் குறட்டை விடுபவரைச் சற்றுக் கவனியுங்கள். குறட்டை நடுவே நின்று, பின்னர் செருமலுடன் தொடங்கினால், அவரைக் கேலி செய்யாமல் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் கூடச் சென்று, கண்டதைச் சொல்லுங்கள். அவரால் அதைச் சொல்ல இயலாது.

யாவரும் நோயற்ற வாழ்வு பெற இறைவனை வேண்டுகிறோம்.