மலைச்சரிவில் மண் நிற்பதும் ஓடுவதும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அம்பூரி. 2001 நவம்பர் 9 அன்று, கடும் மழையினிடையே அங்கு மலைச்சரிவு பெயர்ந்து வீடுகளை மூடியது; 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கேரள மக்கள் ‘உருள்பொட்டல்’ என்று கூறும் இப்பேரிடர், 2020-இல் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பையும், 2024-இல் வயநாட்டில் ஊர்களையும் அழித்தது. நெடுங்காலம் அசையாது நின்ற மண், நொடியில் குழம்பாக ஓடுவது எவ்வாறு?

துகள்களின் அடுக்கு

மண், மணல், நெல் ஆகியவை தனித்தனித் துகள்களின் தொகுதிகளாகும். மரக்காலில் நெல்லைக் கொட்டித் தட்டினால் மட்டம் தாழ்கிறது. எடை மாறுவதில்லை, அடுக்கே மாறுகிறது. ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒழுங்காக அடுக்கினால் இடத்தில் 74 சதவீதம் வரை நிரம்பும். ஒழுங்கின்றிக் கொட்டிக் குலுக்கினால் சுமார் 64 சதவீதமே நிரம்பும்.

நெருங்கி அடுங்கிய துகள்கள் இடம்பெயரும்போது அத்தொகுதி விரிவடையும் என்பதை ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1885-இல் விளக்கினார். சங்குமுகம் கடற்கரையில் ஈர மணலை மிதித்தால் காலைச் சுற்றி மணல் உலர்ந்தாற்போல் வெளுக்கிறது. விரிந்த இடைவெளிகளுக்குள் நீர் இறங்குவதே இதற்குக் காரணம்.

தளர்ந்த மண்ணில் இதற்கு மாறாக நிகழ்கிறது. மழைநீர் நிறைந்த அம்மண் அசையும்போது சுருங்க முயல்கிறது. நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் பெறுகிறது. துகள்கள் ஒன்றையொன்று தாங்கிய சுமையை நீர் ஏற்கிறது. உராய்வு குன்றவே, மண் திரவம்போல் பாய்கிறது. சிறிதளவு ஈரம் துகள்களைப் பிணைக்கும். மிகுந்த நீரோ அவற்றைப் பிரித்துவிடும்.

திட்டமிடுதலுக்கான பாடம்

நீரைத் தேக்கும் குழிகளும் வரப்புகளும் மென்சரிவில் நன்மை பயப்பன. ஆழ்ந்த மண்ணுள்ள செங்குத்தான சரிவிலோ அவையே இடர் விளைவிக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றோடைகளை அடைத்துப் பயிரிடுவதும் வீடு கட்டுவதும் நீரை மண்ணுக்குள் திருப்பிவிடுகின்றன.

1978-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்டு, இன்று தேசிய புவி அறிவியல் ஆய்வு மையமாக விளங்கும் நிறுவனம் நிலச்சரிவுகளை ஆராய்ந்து வருகிறது. இத்தகைய ஆய்வின் பயன் ஊராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை எட்டுதல் வேண்டும். ஓடைகளின் வழியைத் திறந்து வைத்தல் பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. அதனைப் புறக்கணிப்பதற்கு மக்கள் உயிர்களை விலையாகத் தர நேருகிறது.