மலையில் விளைந்த கனவு

பாலக்காடு மாவட்டத்தில், மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிக்கு மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. விடுமுறை நாளில் மகிழுந்தில் அவ்வழியே உலாச் செல்லும் கணவனும் மனைவியும் மலையழகில் மயங்கி, “இங்கேயே ஒரு வீடு கட்டி வாழ்ந்தால் எத்துணை இன்பம்!” என்று கூறுவதுண்டு. மாலையில் ஊர் திரும்பியதும் அக்கனவு கலைந்துவிடும்.

அக்கனவை நனவாக்கிய இணையரும் உளர். கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி ஆகிய இருவரும் ஆசிரியர்கள். 1980களில் அவர்கள் அகளிக்கு அருகே ஒரு குன்றில் குடியேறினர். அன்று அது மரங்களற்ற வறண்ட நிலம். காடு அழிந்தமையால் மழைநீர் நில்லாது ஓடியது. மேல்மண்ணையும் அரித்துச் சென்றது.

ஆகவே, அவர்கள் மழைநீரைத் தடுத்து நிலத்தில் தேக்கினர், மரங்களை வளர்த்தனர். வேர்கள் மண்ணைப் பற்றின; மண் நீரைப் பற்றியது. ‘சாரங்’ என்னும் பள்ளியையும் அங்கே தொடங்கினர். உழைப்பின் வழியே கற்பது அதன் முறை. பொருள் நெருக்கடியால் பள்ளியைத் தொடர இயலவில்லை. ஆயினும், குன்று பசுங்காடாக மாறியது.

அட்டப்பாடியில் பாயும் பவானி, தமிழகம் புகுந்து காவிரியில் கலக்கிறது. எனவே, அம்மலைகளில் தேங்கும் நீர் சமவெளிக்கும் உரியது. சிற்றூர் வாழ்வு கண்ணுக்கு இனிய காட்சி மட்டுமன்று. அது நாள்தோறும் செய்யும் உழைப்பு.

வினாக்கள்

1. குன்றின் மண் அரிக்கப்பட்டமைக்குக் காரணம் யாது?
2. ‘மண் நீரைப் பற்றியது’ என்பதை விளக்குக.
3. உலா வருவோரின் கனவும் இவ்விணையரின் கனவும் எவ்வாறு வேறுபடுகின்றன?