ஜாஸ் இசையும் சமூக இசைக்கல்வியும்

வினா: இலாபநோக்கற்ற சங்கங்கள் ஜாஸ் இசைக்கு ஆற்றிய பணியை விளக்குக.

விடைக் குறிப்புகள்:

1. ஜாஸ், ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரக் கறுப்பின மக்களிடையே தோன்றியது.

2. ஏழைச் சிறுவனான லூயி ஆம்ஸ்ட்ரோங் (1901-1971) 1913இல் சிறுவர் இல்லமொன்றின் வாத்தியக் குழுவிலேயே முறையாகக் கோர்னெட் வாசிக்கப் பயின்றார்.

3. சிக்காகோவில் 1965இல் உருவான படைப்பிசைக் கலைஞர் முன்னேற்றச் சங்கம் கச்சேரிகளை நடத்தியதுடன் இளையோருக்கு இலவசமாகவும் கற்பித்தது.

கவனிக்க: மாணவர்களே, பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் எழுதினால் விடை நிறைவுபெறாது, காரணமும் தருக. கர்நாடக இசையில் கற்பனாஸ்வரம் பாடுவதுபோல, ஜாஸ் கலைஞரும் மேடையிலேயே புதிதாகக் கற்பனை செய்து வாசிப்பர். எனவே வகுப்பு மட்டும் போதாது. மூத்த கலைஞருடன் மேடையேறியும் பழகவேண்டும். கட்டணம் செலுத்த வசதியற்றோருக்கு இவ்விரண்டையும் அளிப்பதே இச்சங்கங்களின் சிறப்பாகும்.

பயிற்சி: தெல்தெனியவில் இலவச இசை வகுப்பொன்றை ஆரம்பிக்க மூன்று யோசனைகள் எழுதுக.