வைக்கோல் கட்டப் பழைய டிராக்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காவிரி டெல்டாவில் அறுவடை மெஷின் நெல்லை அறுத்துவிட்டுப் போன பிறகு, வயலில் வரிசையாகக் கிடக்கும் வைக்கோலை உருளைக் கட்டாகச் சுருட்டுவது பேலரின் வேலை. அதை ஓட்டப் பலரும் வாங்குவது பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டிராக்டர். உழவுக்கு வண்டி பார்த்துப் பழகிய கண்ணாலேயே இதற்கும் பார்ப்பதுதான் முதல் தவறு. உழவில் டிராக்டர் இழுத்தால் போதும். கட்டு கட்டும்போது அது மெல்ல நகர்ந்தபடியே பின்புறத்து பி.டி.ஓ. தண்டை மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். அதுவும் தூசியிலும் வெயிலிலும். சம்பா வைக்கோல் காய்ந்து கிடக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அதற்குள் வண்டி படுத்துவிட்டால் அந்தப் பருவத்து வருமானம் போய்விடும்.

“ஒரே செல்ஃபில் கிளம்புகிறது, இன்ஜின் நன்றாக இருக்கிறது” என்பது பரவலான நம்பிக்கை. வாங்குபவர் வருவதற்குச் சற்று முன்பு பத்து நிமிடம் ஓட்டி வைத்த இன்ஜின், கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும் உடனே கிளம்பும். விடிகாலையில் போய், சாவியைத் தொடுவதற்கு முன் இன்ஜின் பிளாக்கிலும் சைலன்சரிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடு இருந்தால் அன்றைய சோதனையில் பயனில்லை. இன்னொரு நாள் வருவதே நல்லது. குளிர்ந்த இன்ஜின் கிளம்பியதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது இயல்பு. குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். தேய்மானத்தை மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றி வைப்பதும் உண்டு.

பழைய வண்டி என்றால் புகையத்தான் செய்யும் என்று விட்டுவிடுவதும் சரியல்ல. லோடு ஏறும்போது ஒரு கணம் கரும்புகை வந்து அடங்கினால் கவலை இல்லை. விடாமல் வந்தால் ஏர் கிளீனரையோ நாசிலையோ பம்பையோ பார்க்க வேண்டும். காலையில் கிளம்பும்போது வந்து மறையும் வெள்ளைப் புகை பெரிய விஷயமல்ல. சூடான பிறகும் தொடர்ந்தால்தான் சிக்கல். நீலப்புகை, இன்ஜின் ஆயிலை எரிக்கிறது என்பதற்கு அடையாளம். அதற்கு இன்ஜினைப் பிரிப்பதுதான் வழி.

மீட்டரில் மணி குறைவாக இருந்தால் ஓட்டமும் குறைவு என்பதும் அப்படியே நம்பத் தக்கதல்ல. பழைய டிராக்டர்களில் பலவற்றின் மீட்டர் கேபிளால் இயங்குவது. அது கணக்கிடுவது இன்ஜினின் சுற்றுகளை. மெதுவாக ஓடும் ஒரு மணி நேரம் அதில் முழு மணியாகப் பதியாது. கேபிள் அறுந்தால் மீட்டர் நின்றுவிடும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். இதைவிட உண்மை சொல்பவை தேய்ந்து பளபளக்கும் கிளட்ச் பெடலும், டிரெய்லர் மாட்டும் கொக்கியின் துளையும்தான். வட்டமாக இருக்க வேண்டிய அந்தத் துளை நீள்வட்டமாகியிருந்தால், வண்டி வருடக்கணக்கில் மணலோ செங்கல்லோ கரும்போ சுமந்திருக்கிறது. புது பெயின்ட் அதை மறைக்காது.

வைக்கோல் வேலைக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் பி.டி.ஓ. உழவில் நன்றாக இழுத்த வண்டி பேலரையும் நன்றாக ஓட்டும் என்ற நம்பிக்கை உடைவது இங்கேதான். பேலர் கேட்பது நிமிடத்துக்கு 540 சுற்று. வேகம் குறைந்தால் கட்டு தளர்ந்து போகும், வைக்கோல் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஆறு பல் கொண்ட அந்தத் தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. பல்லின் விளிம்பு கத்திபோலக் கூர்மையாகியிருந்தால் தண்டையே மாற்ற வேண்டிவரும். பிறகு பேலரையே மாட்டி, வைக்கோல் கிடக்கும் வயலில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்ப்பதற்கு ஈடான சோதனை கிடையாது. வைக்கோல் கனமாக ஏறும் நேரத்தில் சுற்று சட்டென்று இறங்கி மீளாமல் நின்றால், இன்ஜினில் தெம்பு இல்லை அல்லது கவர்னர் சரியில்லை.

540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. பழைய வண்டிகளில் பி.டி.ஓ.வின் மேல்மூடி பெரும்பாலும் கழன்று போயிருக்கும். தோளில் தொங்கும் துண்டோ வேட்டி நுனியோ மாட்டினால் கையை இழுக்கக்கூட நேரம் இருக்காது. மூடி இல்லாத வண்டியை வாங்கினால் முதல் செலவு அந்த மூடிக்குத்தான் போக வேண்டும்.

கட்டு நிறைந்ததும் வண்டியை நிறுத்தி, பேலரை மட்டும் சுற்றவிட்டுக் கயிறு சுற்ற வேண்டும். டபுள் கிளட்ச் வண்டியில் பெடலைப் பாதி அழுத்தினால் சக்கரம் நிற்கும், பி.டி.ஓ. சுற்றும், முழுதும் அழுத்தினால் இரண்டும் நிற்கும். சிங்கிள் கிளட்ச் வண்டியில் மிதித்ததுமே இரண்டும் நின்றுவிடும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பெடலை விட்ட பிறகே பேலர் மறுபடி சுற்றும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கட்டுகளுக்கு இதையே செய்வது ஓட்டுநரின் காலையும் கிளட்ச் பிளேட்டையும் தேய்த்துவிடும். பாதி அழுத்தத்தில் பி.டி.ஓ. தடுமாறினால் அட்ஜஸ்ட்மென்ட்டோடு முடியலாம். பிளேட் மாற்றவேண்டி வந்தால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். விலை பேசும்போது அந்தச் செலவையும் சேர்த்துப் பேச வேண்டும்.

குதிரைத்திறன் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. பானட்டில் எழுதியிருப்பது இன்ஜின் திறன்; கியர்களைத் தாண்டி பி.டி.ஓ.வுக்கு வருவது அதைவிடக் குறைவு. மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசின் சோதனை நிறுவனம் வெளியிடும் டிராக்டர் அறிக்கைகளில் பி.டி.ஓ. திறன் தனியாகவே குறிக்கப்படுகிறது. சிறிய உருளை பேலருக்கு நல்ல நிலையிலுள்ள 40 எச்.பி. வண்டி, தேய்ந்துபோன 50 எச்.பி. வண்டியைவிட மேல்.

டெல்டா வண்டிகளுக்கென்று ஒரு நோய் உண்டு. கேஜ் வீல் மாட்டிச் சேறடித்த டிராக்டரின் ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். பல மாடல்களில் கியர் பாக்ஸ் ஆயிலே ஹைட்ராலிக்குக்கும் பயன்படுவதால் இரண்டுமே கெடும். இரவு முழுக்க நின்ற வண்டியின் அடி டிரெயின் பிளக்கைச் சற்றுத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்று தெரிந்துவிடும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலும் அதே கதைதான்.

ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்திருந்தால் சூடேறாது என்பதும் தவறு. வைக்கோல் தூசி ரேடியேட்டர் வலையில் படிந்து காற்றை அடைத்தால், தண்ணீர் இருந்தும் வண்டி கொதிக்கும். வலையின் மடிப்புகள் நசுங்காமல் இருக்கின்றனவா, ஆயில் பாத் ஏர் கிளீனரின் கிண்ணத்தில் ஆயில் இருக்கிறதா, சேறு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே சேறு உறைந்திருந்தால், அந்தத் தூசியின் ஒரு பங்கு ஏற்கெனவே லைனரைத் தேய்த்திருக்கும்.

வெள்ளைத்தாளில் எழுதிய ஒப்பந்தமே போதும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் பதிவு இருந்தால் வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35. பதிவின் ஆயுள் 15 ஆண்டு. அது முடிந்த வண்டிக்குப் புதுப்பித்த ஆர்.சி.யைக் கையில் வாங்கிய பிறகே முழுத் தொகையைக் கொடுக்க வேண்டும்.